பொதுச் சேமிப்பில் விளைந்த மென்பொருள்

அமினோ அமிலங்களின் வரிசையை உள்ளிட்டால், அந்தப் புரதம் எப்படி மடிந்து என்ன வடிவம் கொள்ளும் என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும் இணைய மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றில் பெயர்பெற்றது கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்டு. இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்ப்பர் இருவரும் 2024இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். செயற்கை நுண்ணறிவின் வெற்றியாக இதைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால், அந்த மென்பொருள் எதைப் படித்துத் தேறியது என்று கேட்டால், பாராட்டில் பெரும்பங்கு வேறு பலருக்குப் போகும்.

1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏழே வடிவங்களுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கிதான் அதன் பாடநூல். ஒரு புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, அணுக்களின் இருப்பிடத்தைக் கணிக்க ஆண்டுக்கணக்கில் ஆவதுண்டு. படிகமே உருவாகாமல் கைவிடப்பட்டவை ஏராளம். அப்படிக் கிடைத்த விடையைப் பொது வங்கியில் போட்டால்தான் கட்டுரை வெளிவரும் என்று முன்னணி ஆய்விதழ்கள் விதி வைத்தன. இப்படிச் சேர்ந்த லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்களைக் கொண்டுதான் ஆல்ஃபாஃபோல்டு பயின்றது. பெரும்பாலும் வரிப்பணத்தில் நடந்த உழைப்பு அது. கணினி தரும் வடிவம் இயற்கையில் சாத்தியமா என்று இன்றும் சரிபார்க்க உதவும் ராமச்சந்திரன் வரைபடம்கூட, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்ததுதான். அதைப் பயன்படுத்த யாரும் அனுமதி கேட்பதில்லை.

ஆகவே, பொதுச் சேமிப்பில் விளைந்த மென்பொருளும் பொதுவில் இருக்க வேண்டும். டீப்மைண்ட் பெரிய அளவில் முதலீடு செய்ததே, 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களை இலவசமாகத் தந்ததே என்று கேட்கலாம். உண்மை, அந்தத் தாராளம் சாதாரணமானதல்ல. ஆனால், 2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்டு 3 பற்றிய கட்டுரை நேச்சர் இதழில் மூல நிரல் இல்லாமலே வெளிவந்தது. இணையத்தில் நாளொன்றுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு. மருந்தாகக்கூடிய புதிய மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்க்கவும் வழியில்லை. மற்றவர்கள் செய்துபார்த்துச் சரிபார்க்க முடியாததை எப்படி ஏற்பது என்று ஆய்வாளர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். நவம்பரில் நிரல் வெளிவந்தது, அதுவும் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். நிரல் தீயவர்கள் கையில் சிக்கும் என்ற அச்சம் புறந்தள்ளக்கூடியதல்ல. ஆனால், அதே காரணம் வணிகப் பூட்டுக்கும் வசதியாக இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

கணினியே வடிவத்தைக் கணித்துவிடுகிறதே, இனி ஆய்வகங்களுக்கு எதற்குப் பணம் என்ற வாதம் இதைவிட ஆபத்தானது. தன் கணிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஆல்ஃபாஃபோல்டே நம்பக மதிப்பெண் போடுகிறது. ஐம்பதுக்குக் கீழே போனால் அந்த வடிவத்தைப் பொருட்படுத்தக் கூடாது. ஓரிடத்தில் அமினோ அமிலம் மாறினால் புரதம் நிலைகுலையுமா என்று சொல்ல ஆல்ஃபாஃபோல்டு 2 பயிற்றுவிக்கப்படவில்லை. பரம்பரை நோய்கள் பலவற்றில் மருத்துவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். புரதத்தோடு மருந்து எப்படி ஒட்டுகிறது என்பதைத் துல்லியமாகக் கணிக்க மேலும் பரிசோதனைத் தரவு தேவை. அதில் கணிசமான பகுதி மருந்து நிறுவனங்களின் உள் கோப்புகளில் கிடக்கிறது. பொது வங்கியிலிருந்து இதுவரை எடுத்துப் பயன்பெற்றவர்கள், காலாவதியான திட்டங்களின் தரவையாவது அங்கே செலுத்தும்படி அரசுகள் கேட்கத் தொடங்கலாம்.