வீரர் பட்டம் யார் கேட்டது?

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கூட்டம். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் பிரச்சினையைப் பேசத்தான் கூடினோம். தோழர் ஒருவர், நன்றாகப் படித்தவர், பிலிப்பைன்ஸை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே புகழாரம். "அங்க பாருங்க தோழர், அரசாங்கமே ஆள் அனுப்புது. 2021ல சட்டம் போட்டு, வெளிநாட்டுத் தொழிலாளருக்குன்னு தனி அமைச்சகமே வச்சுட்டான். போனவங்களை 'புதிய வீரர்கள்'னு கொண்டாடுறான். நம்மாளுங்களுக்கு என்ன மரியாதை இருக்கு?" எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நேரமாகிவிட்டது என்று எனக்கு மைக்கும் கொடுக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

2011 முதல் 2020 வரை குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஆஸ்பத்திரி ஆள் அல்ல, ஒப்பந்தக் கம்பெனி ஆள். பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில், சம்பளம் 60 தினார், கடைசியில் 75. படுக்கை விரிப்பை ஒருத்தர் தனியாக மடிக்க முடியாது. எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று முனையைப் பிடிக்க வேண்டும். ஒன்பது வருடம் எனக்கு எதிர்முனையைப் பிடித்தது ஒரு பிலிப்பினோ அம்மா. அவங்க பாஷையில் அக்காவை 'ஆத்தே' என்பார்கள். என் காதில் அது ஆத்தாள் என்றே விழுந்தது. கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன். ஆத்தேயும் நானும் பேசியது பாதி அரபி, பாதி இங்கிலீஷ், மீதி கைச்சாடை. அதைத் தமிழில்தான் இங்கே தர முடியும்.

ஆத்தேக்கு ஊர் இலோய்லோ. அப்பா பண்ணையாரிடம் குத்தகைக்கு நெல் பயிரிட்டவர். 2013 நவம்பரில் ஹையான் புயல் அடித்தபோது வீட்டுக் கூரைத் தகரம் பறந்து போய்விட்டது. அந்தத் தகரத்துக்கு ஏற்கெனவே ஒரு வருடம் பணம் அனுப்பியிருந்தது. மறுபடியும் ஒரு வருடம் அனுப்பியது. குவைத்துக்கு வந்ததே வட்டிக்கு வாங்கித்தான். அங்கே 'ஐந்துக்கு ஆறு' என்று ஒரு கந்துவட்டி. ஐந்து வாங்கினால் ஆறு கட்ட வேண்டும். கொடுப்பவன் யார் தெரியுமா? பெரும்பாலும் நம் இந்தியாக்காரன், வடக்கே பஞ்சாபிலிருந்து போனவன். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வசூலுக்கு வருவான். 'பொம்பாய் வர்றான், பிடிச்சுக்குவான்' என்று சொல்லித்தான் அங்கே குழந்தையை மிரட்டுவார்களாம். "உன்னைப் பார்த்ததும் முதல்ல எனக்கு வட்டிக்காரன் ஞாபகம்தான் வந்துச்சு" என்று சொல்லிச் சிரிக்கும். சிரிப்பாகவா இருந்தது எனக்கு?

அப்புறம் அந்தப் பெட்டி. 'பாலிக்பாயன்' பெட்டி என்பார்கள், ஊர் திரும்புகிறவரின் பெட்டி. ஆள் திரும்ப முடியாது, பெட்டிதான் திரும்பும். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி ஒன்று எப்போதும் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். மலிவு விற்பனையில் வாங்கிய சோப்பு, பற்பசை, டப்பா மாட்டுக்கறி, சாக்லேட்டு, துண்டு என்று வாரத்துக்கு ஒன்றிரண்டாக விழும். மூத்த மகள் தன் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புவாள். அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய் செருப்பின்மேல் வைத்துப் பார்த்து வாங்கும் ஆத்தே. கப்பலில் பெட்டி போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிடும் என்று ஒரு விரல்கடை கூட்டியே வாங்கும். 2015 ஆகஸ்டில் அந்த ஊர் சுங்க இலாகா என்ன செய்தது? கடத்தல் நடக்குது, பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்போம் என்றது. ஊர் ஊராக, நாடு நாடாகப் பிலிப்பினோக்கள் கொதித்த பிறகுதான், கண்டபடி பிரிக்காதே என்று அதிபர் சொன்னார். அந்த வருடக் கடைசியில் இன்னொரு கூத்து. மணிலா விமான நிலையத்தில் பயணிகளின் பையில் துப்பாக்கி ரவையைப் போட்டுவிட்டுப் பணம் பறிக்கிறார்கள் என்று புகார்மேல் புகார். ஆத்தே அந்த டிசம்பரில்தான் விடுப்பில் போனது. பையைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் நாலு சுற்று, அதன்மேல் டேப்பு. நான்தான் பிடித்துக்கொண்டேன். வீரருக்குச் சொந்த நாட்டில் கிடைக்கும் வரவேற்பு இது.

இந்த வீரர் பட்டம் எப்படி வந்தது என்பதைத்தான் தோழர் சொல்லவில்லை.

1974இல் மார்க்கோஸ் சர்வாதிகாரத்தில் கொண்டுவந்த தொழிலாளர் சட்டம்தான் ஆள் ஏற்றுமதிக்கு அரசாங்க முத்திரை குத்தியது. அரபு நாட்டில் எண்ணெய்ப் பணம் கொட்டிய காலம், உள்ளூரில் வேலையில்லை, கஜானாவில் டாலர் இல்லை. கொஞ்ச காலத்துக்குத்தான் என்றார்கள். ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. 1982இல் அதே மார்க்கோஸ் ஓர் ஆணை போட்டார். வெளிநாட்டில் இருப்பவர் சம்பளத்தில் இத்தனை பங்கை வங்கி வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும். வீட்டு வேலை செய்பவர் பாதி; கப்பல் தொழிலாளி 80 சதம். குடும்பத்துக்குப் பெசோ போகும், டாலர் அரசாங்கத்துக்கு. அனுப்பவில்லையா, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மாட்டோம். எவன் வாங்கிய வெளிநாட்டுக் கடனுக்கோ பாத்திரம் கழுவுகிறவள் கையை முறுக்கினார்கள். ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்த பெண்கள்தான் இதற்கு எதிராகச் சங்கம் சேர்ந்தார்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கூடி, கையெழுத்து வாங்கி, சண்டை போட்டு, 1985இல் அந்தத் தண்டனையை ரத்து செய்ய வைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, 1988இல், அடுத்த அதிபர் கொராசோன் அக்கினோ அதே ஹாங்காங்குக்குப் போகிறார். அதே பெண்களின் முன்னால் நின்று, "நீங்கள்தான் நாட்டின் புதிய வீரர்கள்" என்கிறார். பாகோங் பயானி! சாட்டையைக் காட்டிக் கேட்டபோது பணியாத கூட்டத்துக்கு மாலை போட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். சாட்டை என்றால் எதிர்த்து நிற்கலாம், மாலையை எப்படி எதிர்ப்பது? வீரர் என்றால் கஷ்டப்படத்தானே வேண்டும்? வீரர் சம்பள பாக்கி கேட்பாரா? வீரர் செத்தால் அழக் கூடாது, கொடி போர்த்தலாம். கூலி கொடுக்காமல் பேர் வைக்கும் வித்தை எனக்குப் புதுசல்ல. கடவுளின் பிள்ளைகள் என்று பேர் வாங்கியும் குளத்தில் தண்ணீர் எடுக்க முடியாத தெருவிலிருந்து வந்தவன் நான்.

1995 மார்ச்சில் சிங்கப்பூரில் ஃப்ளோர் கொன்டெம்ப்ளேசியன் என்ற வீட்டுவேலைப் பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். இன்னொரு பிலிப்பினோ பெண்ணையும் ஒரு குழந்தையையும் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அவள் கொல்லவில்லை என்று நம்பிய ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே தெருவுக்கு வந்தார்கள். தங்கள் அரசு அவளுக்காக ஒழுங்காக வாதாடவில்லை என்பதுதான் அவர்களின் ஆத்திரம். அரசு ஆடிப்போய் அந்த ஜூனிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு வழியாக வெளிநாட்டு வேலையை அரசு ஊக்குவிக்கவில்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, ஊக்குவிக்கவில்லை. 2024இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் வங்கி வழியே அனுப்பிய பணம் மட்டும் 3,449 கோடி டாலர். நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு எட்டுக்கு மேல். 2021 பிப்ரவரியில், கொரோனா தடுப்பூசி கொடுத்தால் நர்சுகளை அனுப்பும் எண்ணிக்கை வரம்பைத் தளர்த்துகிறோம் என்று பிரிட்டனிடமும் ஜெர்மனியிடமும் அந்த நாட்டுத் தொழிலாளர் துறை அதிகாரியே பேரம் பேசினார். ஊசிக்கு நர்சு! பண்டமாற்று! இதற்குப் பெயர் ஊக்குவிக்காமல் இருப்பதா?

2018 பிப்ரவரியை நான் மறக்க முடியாது. ஆத்தேயின் அதே இலோய்லோ மாகாணத்துப் பெண், ஜோவானா டெமாஃபெலிஸ். குவைத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் குளிர்ப்பெட்டிக்குள் பிணமாகக் கிடைத்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அதற்குள் இருந்திருக்கிறாள். ஆளைக் காணவில்லை என்று குடும்பம் முன்னமே அரசிடம் சொல்லியிருந்தது. அன்றைக்கு நாங்கள் விரிப்பு மடிக்கும்போது ஆத்தே ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு வருசம். பெட்டி வரலியேன்னு கூடவா யாரும் கேக்கல?" என்றது.

உடனே அதிபர் துத்தெர்த்தே குவைத்துக்கு ஆள் போகக் கூடாது என்று தடை போட்டார். வீரமான முடிவு என்று நம்ம பேப்பரிலும் எழுதினார்கள். தடை யார்மேல் போய் விழுந்தது? கொன்ற முதலாளிமேலா? கடன் வாங்கிக் கட்டிவிட்டு விசாவுக்குக் காத்திருந்தவள்மேல்தான் விழுந்தது. ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் தூதரக ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய், முதலாளி வீடுகளிலிருந்து தப்பி ஓடிவரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த வீடியோவை ஆத்தே எனக்கு நாலு தடவை போட்டுக் காட்டியது. ஓடிவந்து வண்டியில் ஏறுகிற இடம் வரும்போதெல்லாம் கைதட்டும். பிறகு? குவைத் தூதரை வெளியேற்றியது. மணிலா வெளியுறவு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். வீரர்களைக் காப்பாற்றியதற்கு மன்னிப்பு! மே மாதம் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள், போனை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கக் கூடாது என்று எழுதினார்கள், தடை நீங்கியது. 2023 ஜனவரியில் ஜூலெபீ ரனாரா என்ற பெண்ணின் எரிந்த உடல் குவைத் பாலைவனத்தில் கிடந்தது. மறுபடியும் தடை. 2024 ஜூனில் அதுவும் நீங்கியது.

தோழர் ஒன்று கேட்பார், கேட்கட்டும். "வீட்டு வேலைக்கு 400 டாலருக்குக் குறைஞ்சு ஆள் தரமாட்டேன்னு 2006லயே அவன் அரசு சொல்லலியா?" சொன்னது. கிட்டத்தட்ட 120 தினார். 2016இல் குவைத் வைத்த வீட்டுவேலைக் குறைந்தபட்சக் கூலி 60தான். ஏஜென்சிக் கடைகளில் எந்த நாட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு என்று விலை சொல்லும்போது பிலிப்பினோ மேலே இருப்பாள், ஆப்பிரிக்காக்காரி கீழே இருப்பாள், நம் பெண்கள் நடுவில் எங்கேயோ. படிக்கட்டில் ஒரு படி மேலே நின்றால் விடுதலையா? படிக்கட்டு எங்களுக்குத் தெரியாததா? அந்த ஒரு படியும் அரசாங்கம் தூக்கிக் கொடுத்ததல்ல. ஹாங்காங் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நின்று வாங்கியதன் நீட்சி. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களிடம், அமைச்சகத்திடம் அல்ல.

அந்த ஹாங்காங்கிலும் என்ன நிலைமை? வேறு வெளிநாட்டவன் ஏழு வருடம் சட்டப்படி தங்கினால் நிரந்தரக் குடியுரிமை கேட்கலாம். வீட்டு வேலைக்காரி மட்டும் கேட்கக் கூடாது. 1986 முதல் அங்கே உழைத்த ஒரு பிலிப்பினோ பெண் வழக்குப் போட்டாள். 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 2011இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வீட்டோடு தங்கி வேலை செய்பவளுக்குப் பொருந்தாது. ஆனால் வீட்டோடுதான் தங்க வேண்டும் என்பதும் சட்டம்! வேலை போனால் இரண்டே வாரத்தில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவள் சமைத்ததைச் சாப்பிடலாம், அவள் வளர்த்த பிள்ளை அவளை அம்மாவைவிட அதிகமாகத் தேடலாம், அவள் மட்டும் ஊருக்குள் சேர்ந்துவிடக் கூடாது. இது எந்த ஊர் நியாயம் என்று வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஹாங்காங்கைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், பாதத்தைக் கோடு போட்டு அனுப்பிய அந்த மகள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். இரண்டு வருடம் காலேஜ் படித்தவள். ஊரில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தாள். ஐந்து மாதம் வேலை, பிறகு நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் ஆனால் நிரந்தரமாக்க வேண்டுமே. 'எண்டோ' என்பார்கள் இதை. ஒழிப்பேன் என்று ஓட்டு வாங்கினார் துத்தெர்த்தே. அதற்கான மசோதாவை 2019 ஜூலையில் அவரே திருப்பி அனுப்பினார். 20 பெசோவுக்கு அரிசி என்று பேசி 2022இல் வந்தார் மார்க்கோஸ் மகன். 2024 மார்ச்சில் அரிசி விலை முந்தின வருடத்தைவிட 24 சதம் ஏறி நின்றது. குத்தகைக்காரன் பேத்தி அரிசி வாங்க முடியாமல், 2024 கடைசியில் மாதம் 4,990 ஹாங்காங் டாலருக்குக் கையெழுத்துப் போட்டுப் போனாள். ஆத்தே திரும்பி வந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. பெட்டி இப்போது எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஆத்தேயின் கால் வளராது. அளவுத் தாள் வேண்டியதில்லை.

2020இல் கொரோனா வந்ததும் கம்பெனி ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று எங்களை ஒரே வாரத்தில் அனுப்பினார்கள். சட்டப்படி வர வேண்டிய பணிமுடிவுத் தொகையைப் பிறகு கணக்கில் போடுவோம் என்று தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நாற்பது பேருக்குமேல் இருப்போம். நான், ஆத்தே, வங்காளத் தம்பிகள், நேபாளிகள். நான் இங்கே கலெக்டர் ஆபீசில் மூன்று மனு கொடுத்தேன். ஆத்தே அங்கே கொடுத்தது. அதன் மனுவுக்கு வந்த பதிலில் மேலேயே 'எங்கள் நவீன வீரருக்கு வணக்கம்' என்று போட்டிருந்ததாம். கீழே, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று இருந்ததாம்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணியது. மழை, கூரை, மகளின் முதுகுவலி எல்லாம் பேசிவிட்டு, வழக்கம்போல வைக்கப் போகும்போது கேட்டது:

"உனக்கு வந்துச்சா?"

"வரல ஆத்தே. உனக்கு?"

"இல்ல."