வாரம் ஒரு கடிதம்



சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன், ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். சிறுவனுக்கு வயது பன்னிரண்டு. தந்தை உயர்மின் கோபுரம் அமைக்கும் பணியில் மாநிலம் மாநிலமாகச் செல்பவர். ஆண்டுதோறும் ஊர் மாறவேண்டியிருந்ததால், தாயே மகனுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார். பின்னர்த் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகத் தேர்வு எழுதச் செய்வது அவர்களுடைய எண்ணம்.

"சாமி, இலக்கணப் புத்தகம் முழுவதையும் நடத்திவிட்டேன். எட்டு வேற்றுமையையும் ஒப்பிப்பான். ஆனால் ஊரிலிருக்கும் என் தகப்பனாருக்கு நான்கு வரி எழுதச் சொன்னால் அழுகிறான்" என்றார் அந்தத் தாய்.

அந்தப் பெரியவருக்குக் காது கேட்காது. தொலைபேசியில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயனில்லை. கண்பார்வை மட்டும் இன்னும் தெளிவாக உள்ளது. பேரன் அவரோடு பேசவேண்டுமானால் எழுதித்தான் ஆகவேண்டும்.

சனிக்கிழமைதோறும் மாலையில் வரும்படி சொன்னோம். முதல் வாரமே ஒரு பக்கம் எழுதி வந்தான். நாமோ, குருமடத்தில் நமக்குத் தமிழ் கற்பித்தவரின் வழக்கப்படி, சிவப்பு மையை எடுத்தோம். 'எண் தாத்தா', 'மாடுகள் மேய்ந்தது', 'மலை பெய்தது' என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மொத்தம் 23 பிழைகள். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது சிறுவன் அதைப் பார்க்கவும் இல்லை. அடுத்த மூன்று சனிக்கிழமைகள் அவன் வரவில்லை.

நான்காம் வாரம் தாய் மட்டும் வந்து அந்தத் தாளை நம்மிடம் காட்டினார். அப்போதுதான் அதில் எழுதியிருந்ததை முழுமையாகப் படித்தோம். "நீங்கள் செத்துப்போவதற்குள் ஊருக்கு வந்துவிடுவோமா என்று அம்மாவிடம் கேட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் கீழும் நாம் இரண்டு சிவப்புக் கோடுகள் இட்டிருந்தோம்!

பிழை யாருடையது என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அன்று மாலையே அவர்கள் வீட்டிற்குச் சென்று சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அதன் பின் தாயும் நாமும் சேர்ந்து வகுத்துக்கொண்ட முறையை, உங்களுக்கும் பயன்படும் என்பதால் ஈண்டு எழுதுகிறோம்.

முதலாவது, எழுதுமுன் வாயால் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842-1923) என்னும் கல்வியாளர், வீட்டிலேயே கற்கும் பிள்ளைகளுக்காக 1891-ஆம் ஆண்டு முதல் அஞ்சல் வழியே பாடத்திட்டம் அனுப்பி வந்தார். ஒரு பகுதியை ஒரே முறை படித்துக்காட்டி, பிள்ளை அதைத் தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வது அவர் முறை. கோவையாகச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு எழுதுவதில் அச்சம் குறையும். எனவே சிறுவன் அந்த வாரத்தில் கண்டதை முதலில் தாயிடம் சொல்வான். அவர் குறுக்கிடாமல் கேட்பார். அதன் பிறகே எழுதுவான்.

இரண்டாவது, படிப்பவர் முதலில் செய்திக்கு மறுமொழி கூறவேண்டும். எதிர்வீட்டுப் பசு கன்று ஈன்றதை அவன் எழுதியிருந்தால், "கன்று என்ன நிறம்?" என்று கேட்கவேண்டும். தான் எழுதியதைப் படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று கண்ட பிள்ளை, பிழையின்றி எழுதத் தானே விரும்பும்.

மூன்றாவது, வாரத்திற்கு ஒரே ஓர் இலக்கணம்; அதுவும் அந்த வாரக் கடிதத்திலிருந்தே. மற்றப் பிழைகள் காத்திருக்கட்டும். 'எண் தாத்தா'வைக் கொண்டு ஒரு வாரம் னகர ணகர வேறுபாட்டைக் கற்றான். 'எண்' கணக்கைக் குறிக்கும். 'என்' உரிமையைக் குறிக்கும். தமிழ்ச் சொற்களில் டகரத்தை ஒட்டி வருவது 'ண்': வண்டி, கண்டான். றகரத்தை ஒட்டி வருவது 'ன்': கன்று, நின்றான். மறுவாரம், மாடு ஒன்றாயின் 'மேய்ந்தது', பலவாயின் 'மேய்ந்தன' என்பதைத் தெருவில் கண்டவற்றை வைத்தே பத்து வாக்கியங்களில் சொல்லிப் பழகினான்.

பெரியவர்களும் அஞ்சும் வல்லின ஒற்றுக்கு இரண்டு வாரம் ஒதுக்கினோம். ஐ, கு என்னும் உருபுகள் வெளிப்படையாக வந்தால் ஒற்று மிகும்: கடிதத்தைக் கொடுத்தான், தாத்தாவுக்குக் கொடுத்தான். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்னும் மிகும். 'நடுகல்' என்றால் நட்ட கல். 'நடுக்கல்' என்றால் நடுவிலுள்ள கல். ஒரு புள்ளியெழுத்து பொருளையே மாற்றுவதைக் கண்டு சிறுவன் வியந்தான்.

படிப்பவர் மயங்காதிருக்கவே இலக்கணம். இதை நன்கு உணர்ந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் தமிழகம் வந்து தமிழ் கற்றவர் அவர். அக்காலத்தில் எகர ஒகரக் குறில்களைப் புள்ளியிட்டு நெடிலினின்று வேறுபடுத்துவர். ஓலைச்சுவடிகளில் அப்புள்ளி பெரும்பாலும் இடப்படாமையால், எது குறில், எது நெடில் என்று படிப்பவர் இடர்ப்பட்டனர். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்த இடரை நீக்கியவராக அவர் போற்றப்படுகிறார். ஐந்திலக்கணமும் கூறும் 'தொன்னூல் விளக்கம்' எழுதிய அவரே, பரமார்த்த குருவின் கதையையும் எளிய உரைநடையில் எழுதினார்.

நிற்க. குரலைப் பதிந்து அனுப்பக் கைப்பேசி இருக்கும்போது எழுத்து எதற்கு என்பாரும் உளர். காது கேளாத அந்தப் பெரியவரிடம் அவர்கள் இதைக் கேட்கட்டும்.

ஏழாம் வாரம் சிறுவனின் கடிதம் ஊருக்குச் சென்றது. பதினொரு வரிகள், மூன்று பிழைகள். அவற்றை நாம் தொடவில்லை. செத்துப்போவதைப் பற்றிய வரியையும் எடுத்துவிடச் சொல்லவில்லை. பத்து நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. "உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ வரும்வரை நான் சாகமாட்டேன். கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது?" என்று பெரியவர் எழுதியிருந்தார். 'கடிதத்தை' என்பதற்குப் பின் வேறோரிடத்தில் ஒரு வல்லின ஒற்று விடுபட்டிருந்தது. சிறுவன் அதைக் கண்டுகொண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தான். சிவப்பு மை கேட்கவில்லை.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குச் சென்று தாத்தாவைக் கண்டு வந்தான் என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்லிவிடுகிறோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பள்ளிக்குச் சென்று படித்தாலும் இம்முறை பயன்படும். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் வீடுகள் எல்லாமே வகுப்பறைகள் ஆகவில்லையா? வாரத்தில் ஒரு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒரு தாளும் எழுதுகோலும் பிள்ளையின் கையில் கொடுங்கள். யாருக்கு எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எழுதி முடித்ததும், திருத்துவதற்கு முன்பாக, ஒரு முறை முழுவதையும் படியுங்கள்.