வெள்ளத் தடுப்புப் பணமும் யாரும் படிக்காத தணிக்கை அறிக்கையும்

நவம்பர் பிறந்துவிட்டால் பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் இருப்பவர்கள் டிவியில் தேடுவது சீரியலை அல்ல, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தை. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015க்குப் பிறகு இந்த எண்கள் டீக்கடை மாஸ்டருக்கும் மனப்பாடம். 22 அடியைத் தொட்டால் போதும், அன்றைய பேச்சு முழுக்க அதுதான். ஆனால் அதே வெள்ளத்தைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (பேப்பரில் வரும் சி.ஏ.ஜி.) ஒரு தனி அறிக்கையே எழுதியிருக்கிறார் என்பது இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 21 மணி நேரம் தொடர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஏரியில் இன்னும் தேக்க இடமிருந்தும், உள்ளே வருவதைவிட அதிகமாக வெளியே விடப்பட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் தனியார் பட்டா நிலங்கள் இருந்ததும், அவை மூழ்கிவிடும் என்று முழு அளவுக்குத் தேக்காததும் அதில் பேசப்படுகின்றன. இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்கிறது தணிக்கை. எதிர்க்கட்சி மேடையில் யாரோ சொன்னதல்ல, அரசியல் சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பு எழுத்தில் கொடுத்தது. 289 உயிர்கள் போன வெள்ளம் அது.

சரி, அதிகாரிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அன்று செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. கொட்டுகிற மழையில் மதகருகே நிற்கும் பொறியாளருக்குக் கரை உடைந்துவிடுமோ என்ற பயம் இருக்கத்தானே செய்யும்? உடைந்திருந்தால் 29,000 என்ன, லட்சக்கணக்கில் பாய்ந்திருக்கும். ஏசி அறையில் உட்கார்ந்து இரண்டு வருடம் கழித்துக் கணக்குப் போடுவது சுலபம். இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தணிக்கை கேட்டது அந்த ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் அல்லவே! ஏரிக்கு அவசரகாலச் செயல்திட்டம் ஏன் இல்லை, அடையாற்றின் ஆக்கிரமிப்புகள் ஏன் அப்படியே இருந்தன, வெள்ளச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று ஏன் வரையறுக்கவில்லை என்றெல்லாம் அது கேட்டது. இதெல்லாம் வெயில் காலத்தில், நிதானமாக, பட்ஜெட் போட்டுச் செய்ய வேண்டிய வேலைகள். அங்கே மழையின் மீது பழி போட வழியில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளம் வந்தது 2015 டிசம்பரில். அறிக்கை 2017ஆம் ஆண்டின் 4ஆம் எண். சட்டசபையில் வைக்கப்பட்டது 2018 ஜூலை 9ஆம் தேதி. இரண்டரை வருடம்! நடுவில் ஆட்சியின் தலைமையே மாறிவிட்டது. அரசியல் சட்டத்தின் 151ஆவது பிரிவு, மாநிலத்தின் தணிக்கை அறிக்கை ஆளுநருக்குப் போக வேண்டும், அவர் அதைச் சட்டசபையில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதிக்க நேரமில்லாத நேரத்தில் அறிக்கையை மேஜையில் வைப்பது எல்லா மாநிலங்களிலும் பழகிப்போன ஒன்று. பிறகு அது பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர் என்பது நல்ல மரபு. ஆனால் அதன் மேஜையில் இருப்பதெல்லாம் பல வருடத்துப் பழைய கணக்கு. பரீட்சை எழுதி மூன்று வருடம் கழித்து மார்க் ஷீட் வந்தால் என்ன பிரயோஜனம்? அதற்குள் ஆசிரியர் டிரான்ஸ்ஃபர், மாணவன் வேலையில்!

பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பேரிடர் நிதியை இரண்டாகப் பிரித்தது. நூறு ரூபாயில் 80 ரூபாய் நிவாரணம், மீட்பு, மறுசீரமைப்பு போன்றவற்றுக்கு. 20 ரூபாய் மட்டும் முன்கூட்டியே ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கு. இருபதாவது ஒதுக்கினார்களே என்று சந்தோஷப்படலாம். ஆனால் மக்கள் கண்ணில் படுவது அந்த 80தான். 2015ல் குடிசைகளுக்கு 10,000, மற்றவர்களுக்கு 5,000 ரூபாய் அறிவித்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 6,000 ரூபாய் கையில் தந்தார்கள். இந்த ஆறாயிரத்துக்கு எத்தனை தணிக்கை நடந்தது தெரியுமா? ஒவ்வொரு தெருவிலும்! "அவங்களுக்கு வந்துச்சே, எங்களுக்கு ஏன் வரல?", "வீடே நனையாதவனுக்கு எதுக்கு?" என்று வரிசையிலேயே கணக்குக் கேட்டார்கள். ஆனால் தெருமுனையில் போட்ட மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு செலவு, அது எந்தக் கால்வாயில் போய்ச் சேர்கிறது என்று கேட்டவர் மிகக் குறைவு. கையில் வாங்கிய பணத்துக்கு ஊரே ஆடிட்டர், மண்ணுக்குள் புதைத்த பணத்துக்கு ஆளில்லை.

அதே மிக்ஜாமின் போது 4,000 கோடி எங்கே என்று பெரிய சண்டை நடந்தது. வெள்ளை அறிக்கை வேண்டும் என்றார் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பழனிசாமி. எத்தனை சதவீத வேலை முடிந்தது என்பதில் வெள்ளத்துக்கு முன் சொன்னதும் பின் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று டெல்லியில் நிர்மலா சீதாராமன் கேட்டார். சண்டை டிவியில் முடிந்துபோனது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தும் மோட்டாரும் தண்ணீரில் கிடந்த சிறு பட்டறைக்காரருக்கு அதனால் ஒரு பதிலும் கிடைக்கவில்லை. 2021 வெள்ளத்துக்குப் பின் அமைத்த திருப்புகழ் குழு 2023 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை முதல்வரிடம் கொடுத்திருந்தது. அதை வெளியிடுங்கள் என்று மழை வந்த பிறகும் கேட்க வேண்டியிருந்தது!

மேற்குப் புறநகருக்கு இன்னொரு தலைவலி. அம்பத்தூர் 2011லிருந்து சென்னை மாநகராட்சி. ஆவடி 2019லிருந்து தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. ஏரிகள் நீர்வளத் துறையிடம், கழிவுநீர் இன்னொருவரிடம். தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர், கொரட்டூர் நிறைந்தால் ரெட்டேரி என்று அது பாட்டுக்குப் போகும். ஒருவர் கோடிக்கணக்கில் வடிகால் கட்டி, அடுத்தவர் எல்லையில் தண்ணீரைக் கொண்டுபோய் விட்டால், ஒவ்வொருவர் ஃபைலிலும் "பணி நிறைவு" என்றுதான் இருக்கும். தெரு மட்டும் மூழ்கியிருக்கும். ஒவ்வொரு அலுவலகத்தின் ரசீதையும் தனித்தனியாகச் சரிபார்க்கும் தணிக்கையில் இந்த ஓட்டை அகப்படாது. ஏரிச் சங்கிலி முழுவதையும் ஒரே கணக்காகப் பார்த்தால்தான் தெரியும்.

காட்டுப் பணத்தின் கதையும் இதேதான். 2018 மார்ச்சில் தேனி குரங்கணித் தீயில் 23 பேர் இறந்தபோது எல்லோரும் கொதித்தார்கள். தீத்தடுப்புக் கோடுகளுக்கு வருடா வருடம் என்ன செலவாகிறது என்ற கேள்வி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. உத்தராகண்டில் காடு வளர்க்க வைத்த நிதியில் ஐபோனும் லேப்டாப்பும் ஃபிரிட்ஜும் வாங்கியிருக்கிறார்கள் என்பது 2025 பிப்ரவரியில் தணிக்கை அறிக்கை வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. உச்ச நீதிமன்றமே விளக்கம் கேட்டது. அறிக்கை சொன்னதோ 2019-22 கணக்கை!

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. தணிக்கை அறிக்கை ஆளுநரிடம் போன பிறகு அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே வைக்க வேண்டும் என்று சட்டசபை தனக்குத்தானே விதி போட்டுக்கொள்ளலாம். 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராமசபையில் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. குளம் வெட்டிய கணக்கைக் கிராமத்தில் வாசிக்க முடியும் என்றால், வடிகால் வெட்டிய கணக்கை ஆவடியில் வாசிக்க முடியாதா? நகரங்களுக்கும் பகுதி சபை 2022லேயே வந்துவிட்டது. ஒவ்வொரு செப்டம்பரிலும், மழைக்கு முன்பு, அந்தச் சபையில் கவுன்சிலரும் பொறியாளரும் ஒரே ஒரு காகிதத்தோடு வரட்டும். இந்த வார்டில் எத்தனை மீட்டர் வடிகால், எவ்வளவு செலவு, ஒப்பந்தக்காரர் யார், கடைசியாகத் தூர் வாரியது எப்போது, தண்ணீர் எங்கே போய் விழுகிறது. அந்தத் தெருவில் இருபது வருடமாகக் குடியிருக்கும் பாட்டி ஒருவர் போதும், காகிதத்தில் இருக்கும் வடிகால் தரையில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.