கால் ஏக்கர்க் காணி

உருளைக்கிழங்குப் பயிரே அயர்லாந்துக் குடியானவரைச் சோம்பேறிகளாக்கிற்று என ஆங்கிலேயருள் ஒரு சாரார் எழுதி வந்தனர். அம்மக்கள் கிழங்கு நட்ட மேட்டுப்பாத்திக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே ‘சோம்பேறிப் பாத்தி’ என்பதாகும். எத்துணை அநியாயமான பெயர்!

அப்பாத்தி அமைந்த விதத்தைக் கேட்டால் எமது கமக்காரர் நகைப்பர். கடற்கரையிலிருந்து சாதாளையைக் கூடையிற் சுமந்து வந்து மலைச்சரிவின் புற்றரையிலே பரப்பவேண்டும். அதன்மீது விதைக்கிழங்குத் துண்டுகளை இடவேண்டும். காலால் மிதித்து இறக்கும் நெடும்பிடி மண்வெட்டியால் இருபுறத்துப் புற்கரணைகளையும் வெட்டி மேலே கவிழ்க்கவேண்டும். வெட்டிய இடம் மழைநீரை வடிக்கும் வாய்க்காலாகும். அரன் தீவுகளிலோ வெறும் பாறைமீது மணலையும் சாதாளையையும் கொட்டி மண்ணையே உண்டாக்கினர். இதுவா சோம்பல்?

நல்ல நிலம் பிரபுக்களிடம் இருந்தது. தானியமும் கால்நடையும் குத்தகைக்கே சென்றன. எஞ்சிய துண்டுக் காணியிலே குடும்பத்தின் வயிற்றை நிரப்பவல்ல பயிர் வேறில்லை. ஈரமண்ணிலும் மிகுதியாய் விளையும் ‘லம்பர்’ என்னும் ஓரினத்தையே ஏழைகள் பெரிதும் நம்பினர். 1845இல் கருகல் நோய் வந்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிற்று.

நோய் இயற்கையின் செயல். பின்னர் வந்ததோ சட்டம். கால் ஏக்கருக்கு மேல், அதாவது யாழ்ப்பாணக் கணக்கில் நான்கு பரப்புக்கு மேல், காணி வைத்திருப்பவன் அதனைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெறான் என 1847இல் வறியோர் சட்டத்தில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. சட்டம் பயின்ற எமக்கு இதன் சாமர்த்தியம் நன்கு புலனாகிறது. எவரையும் வெளியேற்றும்படி அது கூறவில்லை. அவ்வேலையைப் பசியிடம் ஒப்படைத்தது. 1841இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த குடிசனம் 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாயிற்று. மாண்டோர் சுமார் பத்து இலட்சம். கப்பலேறியோர் அதனினும் அதிகம்.

அவ்வாசகத்தைப் பிரேரித்தவர் யார்? கால்வேயிற் பெருங்காணி உடைய குடும்பத்தில் வந்தவரும், அந்நாளில் டப்ளின் நகரின் பாராளுமன்றப் பிரதிநிதியுமான வில்லியம் கிரகறி. ஆம், 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த அதே கிரகறி! இங்கே அவர் குளங்களைத் திருத்துவித்தார். அதனை நாம் மறுக்கவில்லை. உருளைக்கிழங்கு விளையும் நுவரெலியாவிலே ஒரு வாவி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. கொழும்பு நூதனசாலையின் முன்றிலிலே அவர் சிலை நிற்கிறது. அச்சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சரித்திரம் சொல்வோர், அந்த நான்கு பரப்புக் காணியின் கதையையும் சேர்த்துச் சொல்வார்களாக.