ஸ்டார்ஃபீல்டு: ஆயிரம் கோள்கள் இருந்தும் என்ன குறை?



பி.காம். படிக்கிறவனுக்கு வீடியோ கேம் விமர்சனத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் முதலீடே ஒரு கேமில்தான் :-)

2023 செப்டம்பர் 6. பெதஸ்டா நிறுவனத்தின் 'ஸ்டார்ஃபீல்டு' வெளிவந்த நாள். நான் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விலை கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய். அதற்கு எத்தனை பிளேட் பிரியாணி வரும் என்று திண்டுக்கல்காரன் கணக்குப் போட்டால் வயிறு எரியும். அதனால் மூன்று பேர் பங்கு போட்டோம். நாகல்நகரில் ஒரு நண்பனுடைய அண்ணனின் கம்ப்யூட்டரில் 125 ஜிபி இடத்தைக் கெஞ்சி வாங்கி, முறை வைத்து ஆடினோம். பார்ட்னர்ஷிப் பாடத்தை வகுப்பில் நடத்துவதற்கு முன்பே நாங்கள் நடத்திவிட்டோம்.

ஒரு மாதத்தில் மூன்று பங்குதாரர்களும் மூன்று தீர்ப்பு சொன்னோம். ஒருவன் விண்கலம் கட்டுவதிலேயே மூழ்கிவிட்டான், அவனுக்கு இதுதான் உலகத்திலேயே சிறந்த கேம். இன்னொருவன் இருபது மணி நேரத்தில் "மொக்கைடா" என்று எழுந்து போய்விட்டான். நான் நடுவில் நின்று முழித்தேன்.

பிறகு பார்த்தால் உலகமே அப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தது. சில இதழ்கள் முழு மதிப்பெண் கொடுத்தன. ஐ.ஜி.என்., கேம்ஸ்பாட் இரண்டும் பத்துக்கு ஏழு கொடுத்து ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டன. விமர்சகர்களின் சராசரி எண்பதுக்கு மேல் இருந்தது. ஆனால் ஸ்டீம் தளத்தில் ஆடியவர்களின் கருத்து மாதத்துக்கு மாதம் இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் புதிதாக வந்த கருத்துகளில் பாதகமானவையே அதிகம். டிசம்பரில் நடந்த கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் பட்டியலில் இடமே இல்லை. சிறந்த ரோல் பிளேயிங் கேம் பிரிவில் மட்டும் ஒரு பரிந்துரை, அதையும் 'பால்டர்ஸ் கேட் 3' தட்டிக்கொண்டு போனது.

விமர்சகர்கள் காசு வாங்கிவிட்டார்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். நான் அதை நம்பவில்லை. எங்கள் பாடத்திலேயே இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது: குட்வில். ஒரு கடையை வாங்கும்போது சரக்கு, மேஜை, நாற்காலி விலைக்கு மேல் அதன் நல்ல பெயருக்காகக் கொடுக்கும் தொகை. மைக்ரோசாப்ட் 2021-ல் பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தைச் சுமார் 750 கோடி டாலருக்கு வாங்கியபோது, கணக்கில் பாதிக்கு மேல் குட்வில்லாகத்தான் ஏறியது. முதல் வாரத்தில் விமர்சகர்களும் அதையேதான் செய்தார்கள் என்பது என் எண்ணம். 'ஸ்கைரிம்' எடுத்தவர்கள் ஆயிற்றே, இன்னும் ஆழத்தில் ஏதாவது இருக்கும் என்று நம்பி மதிப்புப் போட்டார்கள். ஆடியவர்கள் ஐம்பதாவது மணி நேரத்தில் வேறொரு கோளில் இறங்கி, அதே கைவிடப்பட்ட ஆய்வகத்தையும் அதே இடத்தில் கிடக்கும் அதே பிணத்தையும் பார்த்தபோது அந்த குட்வில்லைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

சரி, உண்மையில் என்ன குறை? ஆயிரம் கோள்களுக்கு மேல் இருந்தும் பெரும்பாலானவை வெறுமையாக இருக்கின்றன என்பதுதான் எல்லோரும் சொன்னது. 2023 நவம்பரில் பெதஸ்டா தரப்பிலிருந்து ஸ்டீமில் பதில்கூட எழுதினார்கள். சில கோள்கள் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டவை, நிலவில் இறங்கியவர்களும் அங்கே ஒன்றும் இல்லை என்பதற்காகச் சலித்துப் போகவில்லையே என்று அதற்கு ஒரு விளக்கம்.

இங்கேதான் நான் இரண்டு தரப்போடும் முரண்படுகிறேன். வெறுமை குறையே இல்லை, விண்வெளி வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் 1969 ஜூலை 16-ல் கிளம்பி 20-ல் நிலவில் இறங்கினார்கள். நான்கு நாள் பயணம்! அந்தப் பயணம்தான் வெறும் மண்ணையும் அதிசயமாக்கியது. ஸ்டார்ஃபீல்டில் வரைபடத்தைத் திறக்கிறோம், கோளைத் தேர்ந்தெடுக்கிறோம், பட்டனை அழுத்துகிறோம், லோடிங் திரை வருகிறது, இறங்கிவிட்டோம்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடி கொடைக்கானலில் திறப்பது மாதிரி. பள்ளிச் சுற்றுலாவில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தைப் பார்க்கப் போனோம். அங்கே என்ன சொன்னார்கள் என்பது பாதி மறந்துவிட்டது. செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும், ஜன்னல் காற்று திடீரென்று குளிர்ந்ததும், வளைவில் ஒருவன் வாந்தி எடுத்ததும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஸ்கைரிமில் தூரத்து மலையைப் பார்த்து நடந்தால் வழியில் ஒரு குகை, ஒரு திருடன், ஒரு கதை கிடைக்கும். ஸ்டார்ஃபீல்டில் இல்லாமல் போனது அந்த வழி. ஊர் இருக்கிறது, ரோடு இல்லை.

அதே 2023 ஜூலை 31-ல் இன்னொரு கேம் வந்தது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் எடுத்த 'வெண்பா'. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம், ஒரு சமையலறை, கிழிந்துபோன ஒரு சமையல் குறிப்பு நோட்டு. இட்லியில் தொடங்குகிறது. மொத்தம் ஒன்றரை மணி நேரம் இருக்கலாம். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது, ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசு இரண்டும் அதற்குக் கிடைத்தன. சின்னதாக இருக்கிறது என்று அதையும் குறை சொன்னார்கள், அது நியாயமான குறைதான். ஆனால் தேவையில்லாத ஒரு நிமிடம் அதில் இல்லை. ஸ்டார்ஃபீல்டு, வெண்பா இரண்டும் வெளியான அன்றே கேம் பாஸில் கிடைத்தன. ஒரே சந்தாவில் ஒருவர் இரண்டையும் ஆடியிருக்க முடியும்! யாராவது எங்களிடம் அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?

பெதஸ்டா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் தரையில் ஓட்ட ஒரு வண்டி கொடுத்தார்கள். செப்டம்பரில் வந்த 'ஷாட்டர்ட் ஸ்பேஸ்' விரிவாக்கத்தில் ஆயிரம் கோள்களை விட்டுவிட்டு, கையால் செதுக்கிய ஒரே இடத்தில் கவனம் வைத்தார்கள். அதற்கும் வரவேற்பு சுமார்தான். குட்வில் ஒருமுறை போனால் திரும்ப நாளாகும். 2016-ல் திட்டு வாங்கிய 'நோ மேன்ஸ் ஸ்கை' பல ஆண்டுகள் இலவசமாக மேம்படுத்திக் கொடுத்த பிறகுதான் ஸ்டீமில் நல்ல பெயர் எடுத்தது.

நம்மைப் போல் பங்கு போட்டு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். நூறு மணி நேர கேமை இரண்டு மணி நேரத்தில் எடை போட முடியாது. அதனால் முதல் வார மதிப்பெண்ணை நம்பாதீர்கள், மூன்றாம் மாதத்துக் கருத்துகளைப் படியுங்கள். எத்தனை கோள், எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். போகிற வழியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

எங்கள் பார்ட்னர்ஷிப் கலைந்துவிட்டது. விண்கலம் கட்டினவன் மட்டும் மற்ற இருவருக்கும் பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். லாபம் அவனுக்குத்தான் என்று சில சமயம் தோன்றுகிறது.

பி.கு: ஸ்டார்ஃபீல்டு பிடித்தவர்கள் திட்டலாம். எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் திட்டவும்.