எதிர்ப்பு சக்தி கூடினால் மட்டும் போதுமா?

"வைத்தியரய்யா, எதிர்ப்பு சக்தி கூடுறாப்பல ஒரு லேகியம் குடுங்க. இந்த மாத்திரைய நிறுத்திப்புடுறேன்!"

பாச்சலூரிலிருந்து பஸ் பிடித்து மலையிறங்கி வந்த காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் என்னிடம் கேட்டது இது. காசநோய்க்கு இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். இருமல் நின்றுவிட்டது. 'அப்புறம் எதுக்கு மாத்திரை?' என்பது அவர் கட்சி.

நான் சித்த வைத்தியன். லேகியம் கொடுத்தால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் மறுத்துவிட்டேன். ஏன் தெரியுமா?

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் போனதும் ஒருவகை வெள்ளை அணுக்கள் அதை விழுங்குகின்றன. கிருமியோ லேசில் சாகாது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்! அப்போது 'டி' அணுக்கள் வந்து அந்த அணுவை முடுக்கிவிடுகின்றன. எல்லாம் சேர்ந்து கிருமியைச் சுற்றிக் கோட்டை கட்டுகின்றன. அதனால்தான் கிருமி புகுந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது.

சத்துக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, எய்ட்ஸ், குடி, புகை இவையெல்லாம் கோட்டையை இடிப்பவை.

'அப்படியானால் படையைப் பெருக்கினால் நல்லதுதானே?' என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம்! நுரையீரல் ஓட்டையாவதற்குக் கிருமி மட்டும் காரணமல்ல. நம் அணுக்களின் ஆவேசமும் காரணம். ஆகவே உடம்பு பிரேக்கும் வைத்திருக்கிறது. பிரேக் அதிகம் அழுத்தினால் கிருமி பெருகும். பிரேக் பிடிக்காவிட்டால் நுரையீரல் அழியும். அந்தப் பிரேக்குகளில் ஒன்று இல்லாத எலிகள், காசநோய் வந்ததும் மற்ற எலிகளைவிடச் சீக்கிரமே செத்துப்போயின. மூளைக் காசத்துக்கு மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுப்பது இந்த ஆவேசத்தை அடக்கத்தான்.

வாதம், பித்தம், கபம் மூன்றும் தன் அளவில் நிற்பதே ஆரோக்கியம் என்றுதான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் நானும் படித்தேன். எந்த அணுவை முடுக்குவது, எதை அடக்குவது என்று கடையில் விற்கும் பொடிக்குத் தெரியாது. என் லேகியத்துக்கும் தெரியாது!

கிருமியைக் கொல்வது மாத்திரைதான். சென்னையில் 1956-ல் ஆரம்பித்த ஆய்வு ஒன்றில், ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமானார்கள். இடையில் நிறுத்தினால் மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம்.

அப்போ சாப்பாடு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை, நோயாளியின் வீட்டாருக்கும் சத்தான ரேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசம் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது! கோட்டையைக் காக்கும் லேகியம் எது என்று கேட்டால் பருப்பு, பயறு, முட்டை, பால் என்பேன்.

உங்கள் வீட்டிலோ, வீட்டு வேலைக்கு வருபவருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் தருகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருங்கள்.

தோட்டத் தொழிலாளியிடமும் இதையேதான் சொன்னேன். "இன்னும் நாலு மாசந்தானே? முடிச்சுப்புடுறேன்யா" என்று மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு மலையேறினார். எனக்கு ஒரு லேகியம் விற்கவில்லை. அதில் வருத்தமும் இல்லை!