முதலில் தாள், அப்புறம் கோட்டு

பெங்களூரில் ஒரு கல்லூரி பேண்டு வெளியூர்க் கச்சேரிக்குக் கிளம்புகிறது என்றால், முதல் வேலையாகக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிடுகிறார்கள். இசைத்தாள் கடைசி வாரத்தில்தான் கைக்கு வருகிறது, அதுவும் ஓரம் வெட்டுப்பட்ட ஜெராக்ஸாக. பியானோவுக்கு எழுதியதை அப்படியே எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. பி பிளாட் டிரம்பெட்காரர் தாளில் ‘ஸி’யைப் பார்த்து ஊதினால் கேட்பது பியானோவின் பி பிளாட்; ஆல்டோ சாக்ஸபோனில் அதே ‘ஸி’ ஈ பிளாட்டாக ஒலிக்கும். ஆளுக்கொரு தாள் தனியாக எழுத வேண்டும். மென்பொருள் சுருதியை மாற்றித் தந்துவிடும். பக்கம் புரட்டும் இடம் வாசிப்பவருக்கு ஓய்வு வரும் இடமாக அமைய மனிதக் கண் வேண்டும். பார்களுக்கு எண் போடாவிட்டால் ஒத்திகையில் பாதி நேரம் ‘எங்கிருந்து சார்?’ என்பதிலேயே போய்விடும். சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய ஸ்வரக்குறியில் அச்சிட்டார், கணினி ஏது அப்போது! பயணத்துக்கு முன் ஓர் ஒத்திகையாவது திறந்தவெளியில் வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் பேண்டு ஒலித்த கப்பன் பூங்கா மேடை இன்னும் இருக்கிறது. அனுமதி கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் தாளுக்குத் துணிக் கிளிப் எடுத்துப் போங்கள், அங்கே காற்று அதிகம்.